கடைசி இலக்கம்

பட்டறையில் அவளுக்கு ‘போர்டக்கா’ என்று பெயர். சர்க்யூட் போர்டு வரைவதுதான் வேலை. முதலாளியையும் சேர்த்து ஆறே பேர் இருக்கும் அந்த மாடி அறையில், கணினித் திரையில் செப்புக் கோடுகளை இழுத்து இழுத்துப் பதினாறு வருடம் ஓட்டியிருந்தாள். வீட்டில் அவள் வெறும் அண்ணி. கணவனின் தம்பி தெருமுனையில் திரும்பும்போதே “அண்ணீ!” என்று ஆரம்பித்துவிடுவான்; வாசலுக்கு வருவதற்குள் தெருவில் பாதிப் பேர் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கொழுந்தனுக்குத் தொட்டி கழுவும் வேலை. ஆலைகளில் இருக்கும் பெரிய இரும்புத் தொட்டிகளுக்குள் இறங்கி, அடியில் தேங்கிய சேற்றைச் சுரண்டி வெளியே அனுப்ப வேண்டும். எலும்பும் தோலுமான உடம்பு. எந்தத் துவாரத்திலும் நுழைந்து வந்துவிடுவான். கூட வேலை செய்பவர்கள் ‘எலி’ என்று கூப்பிட்டார்கள். “பெருச்சாளின்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்பான்.

அவள் பட்டறை செய்தது இந்த மாதிரி ஆட்களுக்கான வாயுமானியை. நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் ஒரு பெட்டி. உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு, விஷவாயு எவ்வளவு என்று அளக்கும். அந்த எண்களை நாற்பது மீட்டர் கேபிள் வழியாக வெளியே நிற்பவரின் கையிலுள்ள திரைக்கு அனுப்பும். கேபிள்தான் தொல்லை. ஏணியில் சிக்கும், காலில் சுற்றும்.

“இடுப்புல கயிறு, பக்கத்துல காத்துக்குழாய், இதுல உங்க வயர் வேற. உள்ள போறது நானா, நூல்கண்டா அண்ணி?” என்று அவனே பலமுறை கேட்டிருக்கிறான்.

ஒரு எண்ணெய் ஆலையும் அதையே கேட்டது. முதலாளி அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“வயரைத் தூக்கிடும்மா. ரேடியோ போட்டுடு. ஒரு மாசத்துல ஆலையில வெச்சுக் காட்டணும்.”

தபால்தலை அளவில் கடையில் கிடைக்கும் ரேடியோ வில்லை ஒன்றை எடுத்துப் பழைய போர்டில் உட்கார வைத்தால் முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார், ஏன், அவளும் பாதி அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அந்த வில்லை ஒரு புது மருமகளைப் போல ஆயிரம் எதிர்பார்த்தது. அதன் ஆண்டெனாவுக்குக் கீழே செம்பு இருக்கக் கூடாது. பக்கத்தில் பேட்டரி இருக்கக் கூடாது. போர்டின் ஓரம்தான் வேண்டும், நடுவில் வைத்தால் முரண்டு பிடிக்கும். முதல் போர்டு பத்தடிக்கு மேல் எட்டவில்லை. இரண்டாவதில் பேட்டரியை மறுகோடிக்குத் தள்ளி, ஒரு மூலை முழுவதும் செம்பை வழித்துவிட்டு, அங்கே ரேடியோவைக் குடிவைத்தாள். இப்போது எட்டியது. ஆனால் ரேடியோ பேசும் ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை மடக்கென்று குடித்தது. அந்த அதிர்ச்சியில் ஆக்சிஜன் அளவு துள்ளியது. அதையும் பெரும்பாலும் அடக்கிவிட்டாள். கடைசி இலக்கம் மட்டும் அடங்கவில்லை. நல்ல காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தொரு பங்கு ஆக்சிஜன்; திரையில் அது 20.7, 20.8, 20.9 என்று ஒரு இடத்தில் நில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது. மென்பொருளில் சராசரி எடுத்துச் சரிசெய்துவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

இன்னொன்றையும் அவள் செய்தாள்.

ரேடியோ அனுப்பும் செய்தி எப்போதாவது ஒன்று தவறும். தவறினால் திரையில் எண்ணுக்குப் பதில் கோடு வரும்படி எழுதியிருந்தாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, அப்பப்போ கோடு கோடா வருது? வாங்கறவங்க பாத்தா மெஷினே கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க.”

“செய்தி வரலைன்னா வரலைன்னு காட்டணும் சார்.”

“ஒரு செகண்டு வரலைன்னா என்ன, குடியா முழுகிடும்? அடுத்தது வர்ற வரைக்கும் பழைய நம்பரையே காட்டட்டும்.”

கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தாள். செய்ய வேண்டிய வேலை இன்னும் பதினொன்று இருந்தது. பழைய எண்ணை எத்தனை நொடி வரை காட்டலாம் என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும் என்று தாளில் குறித்துக்கொண்டு, இப்போதைக்கு வரம்பில்லாமலே மென்பொருளில் நாலு வரியை மாற்றினாள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கோடுகள் மறைந்தன. அன்று சாயங்காலம் ஒருவர் பெட்டியோடு பட்டறை வாசலில் நிற்க, அவள் திரையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். இருநூறு மீட்டர், பேருந்து நிறுத்தம் வரைக்கும் எண் வந்துகொண்டே இருந்தது. வந்துகொண்டே இருந்ததா, நின்றுபோனதைத் திரை மறைத்ததா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. முதலாளி கைதட்டினார்.

சோதனைக்கு ஆள் வேண்டும் என்றபோது, கொழுந்தனை அனுப்பச் சொல்லிக் கேட்டதும் அவள்தான். அந்த ஆலைத் தொட்டியை இரண்டு தடவை கழுவியவன் அவன். குறையிருந்தால் முகத்துக்கு நேரே சொல்வான்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். தொட்டி ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் மாதிரி படுத்திருந்தது. மேலே ஒரு ஆள் இறங்கும் அளவுக்கு மேன்ஹோல், அதற்கு மேல் மூன்று கால் இரும்புத் தாங்கி, கைப்பிடி வைத்த உருளை, கயிறு. உள்ளே நடுவில் இரும்புத் தடுப்புச் சுவர். அடியில் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு ஓட்டை. பக்கத்தில் குழாய் வழியாக உள்ளே காற்றூதும் மோட்டார் காது கிழிய இரைந்துகொண்டிருந்தது. பொறுப்பில் இருந்தவர் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. ஐம்பது வயதுப் பெண்மணி, நல்ல கனமான உடம்பு, பேச்சில் சிக்கனம். கயிற்றைப் பிடித்தவர் கொழுந்தனோடு ஒன்பது வருடமாக வேலை செய்பவர். எல்லோருக்கும் அவர் கயித்தண்ணன்.

கொழுந்தன் பெட்டியை மாட்டிக்கொண்டு இடுப்பைத் தடவிப் பார்த்தான். “ஒரு வால் குறைஞ்ச மாதிரி இருக்கு அண்ணி.” சிரித்துக்கொண்டே இறங்கினான்.

திரை அவள் கையில் இருந்தது. பச்சை. 20.8, 20.9, 20.8. விஷவாயு பூஜ்யம். முதல் பாதி அறையை அவன் சுரண்டி முடிக்கும் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு தடுப்பின் ஓட்டைக்குள் தவழ்ந்து மறுபக்கம் போனான். கயிறு மெதுவாக உள்ளே ஓடி நின்றது.

கயித்தண்ணன் பீடி இல்லாத குறைக்கு ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “முன்னெல்லாம் நிமிஷத்துக்கு ஒருக்கா கயித்தைச் சுண்டிப் பாப்பேன், அவனும் திருப்பிச் சுண்டுவான். இப்ப அந்த வேலையே இல்லை பாரும்மா. உன் பெட்டியே எல்லாத்தையும் சொல்லிடுது.”

அவளுக்கு உள்ளுக்குள் பூரிப்பாக இருந்தது. முதலாளி அதிகாரியிடம் ஏதோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவள் திரையைப் பார்த்தாள். 20.8. வெயிலில் கண் கூசியது. திரையை நிழலுக்குத் திருப்பிப் பார்த்தாள். 20.8.

மூன்று வாரமாக அந்த இலக்கத்தோடு மல்லுக்கட்டியவள் அவள். அது ஒரு நொடி சேர்ந்தாற்போல் நின்றதில்லை. இப்போது 20.8 என்றே இருந்தது, சுவரில் எழுதியதுபோல.

விரலால் திரையைத் தட்டினாள். 20.8.

“கயித்தைச் சுண்டுங்க.”

“ஏம்மா, பச்சையாத்தானே...”

“சுண்டுங்கண்ணே!”

அவர் சுண்டினார். பதில் இல்லை. மறுபடி சுண்டினார். கடித்திருந்த குச்சி வாயிலிருந்து விழுந்தது. மூன்றாவது தடவை சுண்டவில்லை, இழுத்தே விட்டார். கயிறு ஒரு முழம் வந்தது, அப்புறம் விறைத்துக்கொண்டு நின்றது. எதிலோ மாட்டிய கனம்.

“ஓட்டையில சிக்கிட்டான்” என்றவர், கயிற்றை விட்டுவிட்டு மேன்ஹோலுக்குள் காலை வைத்தார். அதிகாரி அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“யாரும் இறங்கக் கூடாது! இறங்கினா நீயும் பிணம்.”

“அவன் உள்ள கிடக்கான் மேடம்!”

“தெரியும். முகமூடியை எடு.”

அந்த அம்மாள் சிலிண்டரை முதுகில் ஏற்றி, முகமூடியை மாட்டி, வாரை இழுத்துக் கட்டியதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்திருக்கும். போர்டக்காவுக்கு அது ஒரு முழுப் பகலாகத் தெரிந்தது. முதலாளி அவள் காதருகே, “நம்பர் நல்லாத்தானே காட்டுது? அப்புறம் என்ன?” என்றார். பச்சைத் திரை அவள் கையிலேயே 20.8 என்று அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து நின்றது? கயித்தண்ணன் பேசியபோதா, அதற்கும் முன்பா? அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதபடி செய்து வைத்தவளே அவள்தான்.

அதிகாரி இறங்கினார். ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் இரைச்சல் மட்டும். கயித்தண்ணன் உருளையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, வாய்க்குள் கொழுந்தனைத் திட்டிக்கொண்டே இருந்தார். “எலின்னு பேரு வெச்சோமேடா, ஓட்டையில போய் மாட்டறியேடா, பாவி...”

அப்போது அவள் கையிலிருந்த திரை அலறியது.

பச்சை போய்ச் சிவப்பு. 17.4. விஷவாயு நானூற்றுப் பத்து. 17.3. 17.5. இலக்கங்கள் பேய் பிடித்த மாதிரி ஆடின. அவளுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை, அடுத்த நொடி எல்லாம் விளங்கிவிட்டது. அவன் குப்புற விழுந்திருக்கிறான். நெஞ்சிலிருந்த பெட்டி உடம்புக்கும் இரும்புத் தரைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. ரேடியோ கத்திய கத்தல் வெளியே வரவே இல்லை. இப்போது அவனை யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

“புரட்டிட்டாங்க!” என்று கத்தினாள். “மேடம் அவரைப் புரட்டிட்டாங்க. இழுங்கண்ணே, இப்ப இழுங்க!”

கயிறு இளகியது. உருளை கிறீச்சிட்டது. முதலில் ஹெல்மெட் தெரிந்தது, பிறகு சேறு பூசிய முகம். உதடு நீலம் பாரித்திருந்தது. வெளியே தரையில் கிடத்தி ஆக்சிஜன் வைத்தார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து அவன் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலா ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தான். அவள் கணவன் தம்பியின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நகரவே இல்லை. அவளிடம் வந்து சண்டை போடவும் இல்லை. முதல் நாள் அவள் உள்ளே வந்தபோது தலை தூக்கி, “அவன் என் தம்பி” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் கணவன் மருந்து வாங்கப் போன நேரத்தில் கொழுந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோடு வந்தது, முதலாளி முகம் சுளித்தது, நாலு வரி மாற்றியது எல்லாம். அவன் தொண்டை புண்ணாகிக் குரல் கம்மியிருந்தது.

“தரையோட தரையாக் குனிஞ்சு சேத்தைக் கிளறினேன், திடீர்னு பெட்டி நெஞ்சுல அதிர்ந்துச்சு. எழப் போறேன், கால் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான் ஞாபகம் அண்ணி. விழும்போது என்ன நினைச்சேன் தெரியுமா? பரவாயில்லை, வெளியே அண்ணி பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்கன்னு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்போ பெட்டி வெளியே பொய் சொல்லிக்கிட்டு இருந்துச்சா?”

“பெட்டி சொல்லலை. நான் சொல்ல வெச்சேன்.”

அவன் எப்போதும்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அது அவளைத் திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது.

பட்டறையில் முதலாளி அறிக்கை எழுதச் சொன்னார். “தொட்டிக்குள்ள ரேடியோ எட்டலைன்னு எழுதிடு. அது உண்மைதானே? இரும்புத் தொட்டி, யாருக்குமே எட்டாது. பழைய நம்பரைக் காட்டின கதையெல்லாம் எதுக்கு? ஆபத்தைக் கண்டுபிடிச்சதும் நீதானே, அதை எழுது, நல்ல பேரு வரும்.”

அவள் இரண்டையும் எழுதினாள். முதலாளியின் மேசையில் ஒரு பிரதியை வைத்துவிட்டு, மற்றதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். அதிகாரி நின்றபடியே முழுவதும் படித்தார்.

“பழசைக் காட்டணும்னு யார் சொன்னது?”

“செஞ்சது நான்தான் மேடம்.”

“நான் கேட்டது அது இல்லை.” தாளை மடித்தார். “சரி, போகட்டும். ரேடியோ வந்ததும் கயித்தைச் சுண்டறதை விட்டுட்டாங்கன்னு எனக்கும் தெரியும். நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அதையும் சேத்து எழுதறேன். நீங்க பெட்டியைத் திருத்திக் கொண்டு வாங்க. திருத்தாம வந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்.”

முதலாளி ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு ஆளைத் தேடினார் என்றும் காதில் விழுந்தது. கிடைக்கவில்லையோ, மனம் மாறினாரோ, எட்டாம் நாள் அவள் மேசையில் ஒரு டீயை வைத்துவிட்டு, “எத்தனை நாள் வேணும்?” என்றார்.

ஏழு வாரம் பிடித்தது. போர்டை அடியோடு மாற்றினாள். ரேடியோவை நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று இரண்டாக்கினாள். எப்படி விழுந்தாலும் ஒன்றாவது வெளியே பார்த்திருக்கும். மேன்ஹோல் வழியாகத் தொங்கவிட ஒரு கம்பியின் நுனியில் இன்னொரு ரேடியோ வைத்து, உள்ளே கேட்பதை வெளியே கடத்த ஏற்பாடு செய்தாள். “வயரைத் தூக்கச் சொன்னேன், திருப்பிக் கொண்டு வந்துட்டியே” என்றார் முதலாளி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்தி மூன்று நொடி வராவிட்டால் திரையில் எண்ணே இருக்காது. ‘தெரியவில்லை’ என்று சிவப்பில் வரும், சைரன் ஊரைக் கூட்டும்.

இரண்டாவது சோதனைக்கு ஆள் தேட வேண்டியதில்லை என்று கணவன்தான் வந்து சொன்னான். “அவனே போறானாம். நான் தடுத்துப் பாத்தேன், கேக்கலை.” பிறகு, அந்த ஏழு வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: “இந்தத் தடவை சரியா இருக்குமா?”

“சரியா இல்லைன்னா கத்தும்” என்றாள். அதைவிடப் பெரிய வாக்குறுதி அவளால் தர முடியவில்லை.

தொட்டி ஏற்கெனவே கழுவிக் காயவைக்கப்பட்டிருந்தது. வாயு இல்லை என்று அதிகாரி மூன்று தடவை அளந்தார். கொழுந்தன் வந்தான். அவளிடம் “வந்துட்டேன் அண்ணி” என்றான், தெருமுனைக் குரல் இல்லை. இறங்கினான். முதல் ஒரு மணி நேரத்தில் சைரன் ஒன்பது தடவை கத்தியது. ஒவ்வொரு தடவையும் கயித்தண்ணன் கயிற்றைச் சுண்ட, உள்ளிருந்து பதில் சுண்டல் வர, அவள் கம்பியை இறக்கி, நீட்டி, திருப்பி, வேறு இடத்தில் கட்டிப் பார்த்தாள். ஆலை ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். முதலாளி நெற்றியைத் தேய்த்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கம்பியின் நுனி தடுப்புச் சுவரின் ஓட்டைக்கு நேர் எதிரே வந்ததும் சைரன் அடங்கியது.

இனி ஒன்றுதான் பாக்கி. அதை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். மேன்ஹோலில் குனிந்தாள்.

“தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்... அன்னைக்கு விழுந்த இடத்துல... குப்புறப் படுக்கணும்.”

உள்ளே பூட்ஸ் இரும்பில் உரசியது. பிறகு, “எவ்வளவு நேரம்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

தவழும் சத்தம் கேட்டது. நின்றது. அதிகாரி முகமூடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். கயித்தண்ணன் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். அவள் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண் வந்தது. பத்து. வந்தது. முப்பது எண்ணினாள். அறுபது. முதுகு ரேடியோ விடாமல் பேசியது, சைரன் வாயே திறக்கவில்லை. போதும் என்று அதிகாரி தலையசைத்தது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் எண்ணிக்கொண்டே போனாள். நூறு, நூற்றிருபது. நிறுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

“அண்ணீ!” இரும்புச் சுவர்கள் நாலு பக்கமும் எதிரொலிக்க அந்தக் குரல் வந்தது. “தரை ஜில்லுனு இருக்கு. இப்படியே தூங்கிடவா, இல்லை எழுந்திரிக்கலாமா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கயித்தண்ணன்தான் மேன்ஹோலுக்குள் தலையை நீட்டி, “எழுந்து வாடா எலி, உங்க அண்ணிக்கு இப்ப பேச முடியலை” என்றார்.